குரல் மட்டும் போதுமாம்

ஈப்போவில் எனக்குத் தெரிந்த பெண்கள் எல்லோருக்கும் காஞ்சிபுரம் என்றால் சேலை. நான் அங்கே போகிறேன் என்ற செய்தி பரவியதும் கைப்பேசியில் வண்ணங்களாக வந்து குவிந்தன. மயில் கழுத்து, மாம்பழ மஞ்சள், அரக்குச் சிவப்பு. ஒலிப்பதிவு செய்யப் போகிறேன், கடை கடையாக ஏற நேரம் இருக்காது என்று சொன்னதை ஒருத்தியும் காதில் வாங்கவில்லை. "அங்க போயி சேல வாங்காம வர்றவ ஒரு மனுசியா?" என்று என் அண்ணி கேட்டாள். விமான நிலையம் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள்.

என் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். படப்பிடிப்பில் கேமரா படத்தை எடுக்கும். நான் தோளில் தொங்கும் பெட்டியில் ஒலியைத் தனியாக எடுப்பேன். பிறகு இரண்டையும் கணினியில் சேர்த்து வைக்க வேண்டும். அதற்கு அடையாளம்தான் கிளாப் பலகை. பலகை மூடுவது படத்தில் தெரியும், மூடிய சத்தம் ஒலியில் கேட்கும். அந்த இரண்டையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துவிட்டால், அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு சொல்லும் தானாகப் போய் உதட்டில் உட்கார்ந்துகொள்ளும். கொஞ்சம் பிசகினாலும் பேசுகிறவருக்குப் பேய் பிடித்த மாதிரி இருக்கும்.

இந்த முறை வேலை சின்னதுதான். கோலாலம்பூரில் இருக்கும் எங்கள் தயாரிப்பாளர் மணியம், தமிழ்நாட்டுக் கோயில் ஊர்களைச் சுற்றிவரும் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைத் தொடங்கப் போகிறார். தொகுத்துப் பேச ஒரு பெண் வேண்டும். காஞ்சிபுரத்தில் ஒரு வழிகாட்டி நன்றாகப் பேசுகிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவளைப் பேசவைத்து ஐந்து நிமிடப் படம் அனுப்ப வேண்டும். மணியத்துக்குப் பிடித்துவிட்டால் தொடர் முழுக்க அவள்தான். பிடிக்காவிட்டால் கோலாலம்பூரிலிருந்து ஒரு நடிகை வருவார். கேமராவுக்கு உள்ளூர் ஆள் போதும், ஒலிக்கு மட்டும் நான்தான் போகவேண்டும் என்பது மணியத்தின் பிடிவாதம். அப்படியே ஊர்ச் சத்தங்களையும் அள்ளிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்.

பேருந்து நிலையத்தில் இருவர் நின்றார்கள். ஒருத்தி கலைச்செல்வி, எல்லோருக்கும் கலை. பக்கத்தில் இருக்கும் முசரவாக்கம் கிராமத்துப் பெண். கறுப்பாக, உயரமாக, பருத்திச் சேலைக்கு மேல் வழிகாட்டி அட்டை தொங்க நின்றாள். மற்றவன் கேமராக்காரன் இம்ரான். முதல் நிமிடத்திலேயே என்னை அக்கா ஆக்கிவிட்டதால் நானும் அவனைத் தம்பி ஆக்கிவிட்டேன். அவன் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இந்த ஊரில் ஜரிகை வியாபாரம் செய்கிறது. இவன் மட்டும் தப்பித்துக் கல்யாண வீடியோ பக்கம் போய்விட்டான்.

"இந்த ஊர்ல நான் எடுக்காத கல்யாணம் இல்லக்கா," என்றான். "என் கல்யாணத்த மட்டும் வேற ஆளு எடுத்தான். இன்னும் ஆல்பம் தரல."

"வாங்கக்கா, பசியோட இருப்பீங்க," என்றாள் கலை. அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அந்த இடத்திலேயே பெட்டியைத் திறந்து பதிவு செய்யவேண்டும் போல இருந்தது. கனமான குரல், ஆனால் ஒரு சொல்கூடத் தரையில் இழுபடவில்லை. பேருந்து ஹாரன்களுக்கு நடுவிலும் ஒவ்வொரு எழுத்தும் முழுதாக வந்து சேர்ந்தது. இப்படிக் குரல் கிடைத்தால் என் வேலையில் பாதி முடிந்த மாதிரி.

கோயில் இட்லி வாங்கிக் கொடுத்தாள். ஈப்போவில் இட்லி என்பது வெள்ளையான, வட்டமான, யாருக்கும் தொந்தரவு செய்யாத பண்டம். இது அப்படியில்லை. சுக்கு, மிளகு, சீரகம், நெய், இலையில் வெந்த வாசனை, எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு துண்டு தொண்டையைத் தாண்டியதும் காது வரைக்கும் சூடேறியது. "மெதுவா சாப்பிடுங்கக்கா. அவசரப்பட்டீங்கன்னா உள்ள போயி தனியா பேசும்," என்றாள் கலை. நான் கேட்கவில்லை. மூன்று துண்டு தின்றேன். அன்று பகல் முழுக்க அது என்னோடு பேசிக்கொண்டுதான் இருந்தது.

மதியம் இடம் பார்க்க ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோவில் போனோம். எங்கள் ஊரில் ஒரு வண்டியில் எத்தனை பேர் ஏறலாம் என்பதைச் சட்டம் சொல்லும். இங்கே ஓட்டுநர் சொல்கிறார், அவரும் இன்னொருவர் மடியில் பாதி உட்கார்ந்துகொண்டு சொல்கிறார். எதிரே தெலுங்கு பேசும் இரண்டு பெண்கள், கழி முனையில் மாட்டியிருந்த என் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்றுச் சத்தம் விழாமலிருக்க அதன்மேல் சாம்பல் நிற ரோமப் போர்வை ஒன்று போட்டிருப்பேன். கலை என் காதில் மொழிபெயர்த்தாள். "இந்தப் பொண்ணு பூனையக் கொம்புல குத்தி வச்சிருக்கிறாளே, பாவம்," என்றாளாம் ஒருத்தி. "செத்த பூனைதான், விடு," என்றாளாம் மற்றவள். சிரித்துச் சிரித்து இறங்கிய அவசரத்தில் கிளாப் பலகையை ஆட்டோவிலேயே விட்டுவிட்டேன்.

"கை இருக்குதுல்லக்கா? கைய தட்டிக்கலாம்," என்றான் இம்ரான். அது சரிதான். பலகை இல்லாதபோது பேசுகிறவர் கேமரா முன்னால் ஒருமுறை கை தட்டினால் போதும். உலகம் முழுக்க அப்படிச் செய்கிறார்கள்.

ஆனால் உலகம் முழுக்கச் சண்டிகேஸ்வரர் இல்லை.

மறுநாள் காலை ஒரு சின்னச் சிவன் கோயிலில் படம் எடுத்தோம். கருவறைப் பக்கம் கேமரா திரும்பக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு அனுமதி கிடைத்திருந்தது. நெசவுத் தெருக்களின் தறிச் சத்தம் எட்டாத கோயில். பிராகாரத்தின் வடக்குப் பக்கம் நல்ல நிழல், காற்றும் அடிக்கவில்லை. "இங்கேயே நில்லு கலை," என்றேன். அந்த நிழல் சண்டிகேஸ்வரர் சந்நிதியின் நிழல். சிவன் கோயிலில் எப்போதும் தியானத்தில் இருப்பவர் அவர். வெளியே போகுமுன் அவர் முன்னால் கையைத் தட்டி, கோயிலிலிருந்து எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை என்று காட்டிவிட்டுத்தான் எல்லோரும் போவார்கள். ஈப்போவிலும் இதே வழக்கம்தான், நானும் சின்ன வயதிலிருந்து தட்டியிருக்கிறேன். இருந்தும் அந்த மூலையைத்தான் பிடித்தேன். நிழலைக் கண்டால் எனக்குப் புத்தி வேலை செய்யாது.

கலை கேமராவைப் பார்த்து ஒருமுறை கை தட்டிவிட்டுப் பேசத் தொடங்கினாள். பேச்சா அது! கல்லில் இருப்பவர்களை எல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி அறிமுகப்படுத்தினாள். ஒரு சிற்பத்தைக் காட்டி, இவர் தூங்குகிறார் என்று எல்லோரும் நினைப்பார்கள், கொஞ்சம் நேரம் நின்று பாருங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றாள். நான் மைக்கைப் பிடித்தபடி அந்தச் சிற்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்குப் பின்னால் பக்தர்கள் வந்து வந்து தட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அதையும் ஊர்ச் சத்தம் என்று சந்தோஷமாகப் பதிவு செய்தேன்.

மூன்றாம் நாள் ஊர்ச் சத்தம் எடுக்கத் தனியாகப் பக்கத்துக் கூரம் கிராமத்துக்குப் போனேன். வயல், கொக்கு, கோயில் வாசலில் இரண்டு கிழவர்களின் தேர்தல் சண்டை என்று நல்ல வேட்டை. திரும்பும்போது பேருந்து பஞ்சர். நடத்துனர் இறங்கிப் பார்த்துவிட்டு, "காத்து போயிட்ச்சு," என்று அறிவித்தார். அதற்குமேல் அவரிடம் திட்டம் எதுவும் இல்லை. மணியமோ சாயங்காலத்துக்குள் படம் வேண்டும் என்று செய்திக்கு மேல் செய்தி. எங்கள் நாட்டில் மணி இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுவதால் அவருடைய சாயங்காலம் சீக்கிரமே வந்துவிடும். ஒலிக் கோப்பை முன்தினமே இம்ரானுக்குக் கொடுத்திருந்தேன். "தம்பி, நீயே சேர்த்து அனுப்பிடு," என்று போனில் சொன்னேன்.

"கவலையே படாதீங்கக்கா, முட்ச்சிட்றேன்," என்றான்.

அன்று இரவுச் சாப்பாடு இம்ரான் வீட்டில். கலையும் வந்திருந்தாள். இம்ரானின் அம்மா பிரியாணிக்குத் தால்சா ஊற்றியபோது நான் கத்திவிட்டேன். எங்கள் ஊரில் மாமாக் கடை என்று சொல்லும் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகளிலும் இதே பெயரில் இதே பருப்பும் கறியும்தான். "அங்கயும் தால்சாவா?" என்று அந்த அம்மாவுக்கு ஆச்சரியம். "அப்ப அது நல்ல ஊருதான்," என்று இன்னொரு கரண்டி ஊற்றினார்.

அப்போதுதான் மணியத்தின் பதில் வந்தது. நான் எச்சில் கையோடு, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தேன். "குரல் அற்புதம். இப்படிப் பேசும் பெண்ணைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். யார் இவர்? இவரையே போட்டுவிடலாம்."

இம்ரான் எழுந்து நின்று ஆடினான். அவன் அம்மா கலையின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். நான் அடுத்த வரியையும் அதே வேகத்தில் படிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். கலை கையை நீட்டிப் போனை வாங்கி, அவளே படித்தாள்.

"குரல் மட்டும் போதும். திரையில் வாயசைக்கும் பெண்ணுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். டப்பிங் என்று பார்த்ததுமே தெரிகிறது."

ஒரே செய்தியில் அவளே தேர்வாகி, அவளே கழிக்கப்பட்டிருந்தாள்.

தட்டுகளை ஒதுக்கிவிட்டு இம்ரானின் கணினியைத் திறந்தோம். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். கலையின் வாய் மூடிய பிறகு அவள் குரல் வந்தது. கேமராவில் பதிவாகியிருக்கும் ஒலியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றால், அதில் ஒலியே இல்லை.

"கேமரா மைக்க ஏன்டா அணைச்சு வச்ச?"

"எப்பவும் அணச்சிதான் வெப்பேன்க்கா. கல்யாண வூட்ல யாரு பேச்ச கேக்கறாங்க? பாட்டு போட்டு மூடிட்வோம்."

அவன் வாழ்நாளில் வாயையும் குரலையும் சேர்க்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. ஒலியில் முதலில் தெரிந்த பெரிய தட்டலைப் பிடித்து, கலை கை தட்டும் இடத்தில் வைத்துவிட்டான். அது கலையின் தட்டல் இல்லை. அவள் தட்டுவதற்கு ஒரு கணம் முன்னால், அவளுக்குப் பின்னால், என் மைக்குக்கு நேர் கீழே நின்ற ஒரு பட்டுவேட்டிப் பெரியவர் சண்டிகேஸ்வரருக்குத் தட்டியது. வேண்டுதல் பெரிதோ என்னவோ, ஓங்கித் தட்டியிருந்தார்.

சரிசெய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒலியை ஒரு மயிரிழை நகர்த்தியதும் கலையின் உதட்டில் கலையின் குரல் வந்து ஒட்டிக்கொண்டது. அனுப்பினேன். மணியம் உடனே கூப்பிட்டார். "இப்ப நல்லா ஒட்டியிருக்கும்மா. ஆனா ஒட்டுனது ஒட்டுனதுதானே லா. என்னைய ஏமாத்தப் பாக்காத."

மறுநாள் காலை வீடியோ அழைப்பில் நேராகவே காட்டிவிடுவது என்று முடிவு செய்தோம். நல்ல நெட்வொர்க் தேடி மூவரும் தெருவில் நடந்தபோது எங்கள் கிளாப் பலகை எதிரே வந்தது. அந்த ஷேர் ஆட்டோவின் முன்கண்ணாடியில் அதை நிறுத்தி, 'ஐயம்பேட்டை' என்று சாக்பீஸால் எழுதியிருந்தார்கள். கத்தினோம். வண்டியில் இடம் இல்லை என்று ஓட்டுநர் கை காட்டிவிட்டுப் போய்விட்டார்.

வீடியோ அழைப்பு அதைவிட மோசம். கலை வணக்கம் சொன்னாள். அவள் கை கீழே இறங்கிய பிறகுதான் வணக்கம் கோலாலம்பூர் போய்ச் சேர்ந்தது. "பாத்தியா, பாத்தியா!" என்று மணியம் குதித்தார். "இப்பவும் வாய் ஒரு பக்கம் போவுது, குரல் ஒரு பக்கம் போவுது. பின்னாடி யாரை நிறுத்தியிருக்கீங்க?" அழைப்பு அறுந்தது.

இம்ரான் சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது. கலைக்கு வரவில்லை.

"அக்கா, உங்களுக்கு இது புதுசு, எனக்கு இல்ல," என்றாள். "கைடு வேணும்னு போன்ல கூப்டுவாங்க. என் பேச்ச கேட்டுட்டு, மேடம், நீங்கதான் வரணும்பாங்க. நேர்ல போயி நின்னா, என்ன மேலயும் கீழயும் பாத்துட்டு, போன்ல பேசுனவங்க வரலியாம்பாங்க. நான்தாங்க அதுன்னா நம்பறதில்ல. வேற யாரும் இல்லியாமான்னு கேட்டுக்கினு போயிட்றாங்க. டிவில ஒரு தடவ மொகத்தோட வந்துட்டா அந்த கேள்வி நின்னுடும்னு பாத்தேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மணியம் மேல், நெட்வொர்க் மேல், நிழலைத் தேடிய என் மேல். அவரைக் கூப்பிட்டு, "சார், உங்க இஷ்டத்துக்கு ஒரு கேள்வி கேளுங்க. இவங்க முன்கூட்டியே தயார் பண்ண முடியாத கேள்வியா இருக்கட்டும். வெட்டாம ஒட்டாம ஒரே ஷாட்டுல பதில் வரும். அதுக்கப்புறம் பேசுவோம்," என்றேன். குரலை உயர்த்தியிருக்கிறேன் என்பது போனை வைத்த பிறகுதான் தெரிந்தது.

அன்று பிரதோஷம் என்பதை நாங்கள் மூவருமே மறந்துவிட்டோம். சாயங்காலம் கோயிலுக்குப் போனால் உள்ளே கால் வைக்க இடமில்லை. சண்டிகேஸ்வரர் முன்னால் நீண்ட வரிசை. படபட, படபட என்று தட்டல் மழை. அதற்குள் மணியத்தின் கேள்வியும் வந்துவிட்டது. "நான் கோயிலுக்குப் போகிறவன் இல்லை. பட்டுச் சேலை கட்டுகிறவனும் இல்லை. நான் எதற்குக் காஞ்சிபுரம் வரவேண்டும்? என் பெயரைச் சொல்லிப் பதில் சொல்லச் சொல்லுங்கள்."

வேறு இடத்துக்குப் போகலாம் என்றேன். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. கலை அசையவில்லை. இதே இடத்தில்தான் தன் குரல் தன்னுடையது இல்லை என்றார்கள், இதே இடத்தில்தான் பேசுவேன் என்றாள். பிறகு வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். பயணிகள் கூட்டத்தை மேய்த்துப் பழகிய குரல் எழுந்தது.

"அண்ணே, அக்கா, எல்லாரும் ஒரு ஒத்தாசை பண்ணுங்க. நான் ஒரு தடவ கைய தட்டிட்டு பேசுவேன். நான் பேசி முடிக்கற வரைக்கும் யாரும் தட்டாதீங்க. முட்ச்சதும் தட்டிக்குங்க."

"சாமிய போயி காக்க வெக்கறதாமா?" என்றார் ஓர் அம்மா.

"அவரு தியானத்துல இருக்காரும்மா. எங்கயும் போவமாட்டாரு."

வரிசை சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்துவிட்டு, தட்டுவதற்குத் தூக்கிய கையை அப்படியே நெஞ்சருகே வைத்துக்கொண்டார். பின்னால் நின்றவர்களும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். இம்ரான் இந்த முறை கேமரா மைக்கைத் திறந்துவிட்டதை என்னிடம் மூன்று தரம் காட்டினான். சந்நிதியும் வரிசையும் கலையும் ஒன்றாகத் தெரியும்படி கேமராவை நிறுத்தினான். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அத்தனை பேர் நிற்கும் பிராகாரத்தில் மணிச் சத்தம்கூட இல்லை.

கலை தட்டினாள். ஒரே தட்டு.

"மணியம் ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் கோயிலுக்குப் போகிறவர் இல்லை, பட்டுச் சேலை கட்டுகிறவரும் இல்லை. அதனால் என்ன? இட்லிக்காக வாருங்கள்," என்று தன் வழிகாட்டித் தமிழில் தொடங்கினாள். வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இட்லியிலிருந்து ஷேர் ஆட்டோவுக்குப் போனாள், அங்கிருந்து இம்ரான் வீட்டுத் தால்சாவுக்கு. பிறகு ஒரு கணம் நிறுத்தினாள். அடுத்து வந்தது முசரவாக்கத்துப் பேச்சு.

"இவரு பேரு சண்டிகேஸ்வரர் சார். இங்க வந்தவங்க போவும்போது, நான் எதையும் எடுத்துக்கினு போவலன்னு இவருகிட்ட கைய காட்டிட்டுதான் போவணும். நீங்க என் மொகத்த இங்கயே வுட்டுட்டு குரல மட்டும் எடுத்துக்கினு போவலாம்னு பாத்தீங்களே, இவரு வுடுவாரா? கேட்டுப் பாருங்க. எடுத்தா ரெண்டையும் எடுங்க. இல்லன்னா ரெண்டையும் வெச்சிட்டு கைய தட்டிட்டு போங்க."

அவள் வாயை மூடினாள். அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த தட்டல் அத்தனையும் ஒரே சமயத்தில் வெடித்தது. முதலில் அது சண்டிகேஸ்வரருக்குத்தான் தொடங்கியது, எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நிற்கவில்லை. கலையைப் பார்த்துக்கொண்டே தட்டினார்கள். காக்க வைக்கலாமா என்று கேட்ட அம்மா எல்லோரையும்விட ஓங்கித் தட்டினார். என் பெட்டியில் ஒலி அளவு காட்டும் முள் சிவப்புக்குப் போய்த் திரும்பவே இல்லை. ஒலிப்பதிவாளராக நான் அதைக் குறைத்திருக்க வேண்டும். குறைக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கோயில் வாசலிலேயே உட்கார்ந்து சேர்த்தேன். முதல் தட்டல் உட்கார்ந்தது. கடைசியில் அத்தனை கைகளும், ஒவ்வொரு கையும், தன் தன் சத்தத்தோடு உட்கார்ந்தன. இதைப் பொய்யாக ஒட்ட என்னைப் போல நூறு பேர் வந்தாலும் முடியாது. அனுப்பினோம். செருப்பைத் தேடி எடுப்பதற்குள் போன் அடித்தது. மணியம். நான் எடுக்கவில்லை, கலையிடம் கொடுத்தேன். அவள் ஒலிபெருக்கியில் போட்டு, "ஹலோ," என்றாள்.

"யாரும்மா பேசறது?" என்றார் மணியம்.

"வாயும் என்னுதுதான் சார், குரலும் என்னுதுதான். உங்களுக்கு யாரு வேணும்?"

இம்ரான் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு மணியம் சிரித்தார், மெல்லத் தொடங்கி, இருமல் வரும் வரைக்கும் சிரித்தார்.

"ரெண்டு பேரும் வாங்கம்மா," என்றார்.

ஊரெல்லாம் பேசியே பிழைக்கும் கலை, வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான்தான் போனை வாங்கி, "ரெண்டு பேரும் வர்றாங்க சார்," என்றேன்.